ஐப்பசிச் சாடியின் நடுநாயகம்

புரட்டாசி முடிகிற வாரத்தில், சென்னையில் எங்கள் மொட்டை மாடித் தொட்டிகளை இடம் மாற்றி அடுக்கத் தொடங்குவேன். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் சின்னம்மாவும் அதே வாரத்தில் தன் விறாந்தைப் படியில் சாடிகளை நகர்த்திக்கொண்டிருப்பார். இருவருக்கும் காரணம் ஒன்றே. வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் 1,400 மில்லிமீட்டர் அளவு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். யாழ்ப்பாணத்துக்கு மொத்த மழை சற்றுக் குறைவு. மழை வரும் மாதங்கள் அவையேதான். வெயிலுக்கு ஒதுங்கிக் கிடந்த செடிகள் கண்ணுக்கு முன்னால் வரவேண்டிய காலம் இது. நடுவில் எதை வைப்பது என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் பல வருடமாக ஒத்துப்போவதில்லை. அவர் இலையை வைப்பார். நான் பூவை வைப்பேன்.

"பூ எண்டது நாலு நாள், பிள்ளை. இலை எண்டால் தை பிறக்குமட்டும் நிக்கும்" என்பார் தொலைபேசியில்.

இதை எங்கள் வீட்டுப் பேச்சு என்று நினைத்திருந்தேன். இரண்டு கரையிலும் நடந்து பார்க்கப் பார்க்க, தெருத் தெருவாக இந்தப் பிரிவு தெரிந்தது. யாழ்ப்பாணத்து வீட்டு முகப்பில், படலையிலிருந்து விறாந்தை வரை வரிசையாக நிற்கும் சாடிகளில் முதல் மரியாதை குரோட்டனுக்கு. கொழும்புப் பக்கம் போனால் அது அந்தூரியம், பன்னம், அகலோனிமா என்று மாறும். அந்தூரியத்தில் நாம் பூ என்று கும்பிடுவதுகூட நிறம் மாறிய ஓர் இலைதான். சென்னை, மதுரை மாடிகளிலோ ரோஜாவும் செம்பருத்தியும் சாமந்தியும் தான் நடுவில் நிற்கின்றன. பூக்காத செடியை விருந்தாளி பார்க்கும் இடத்தில் வைக்க இங்கே பலருக்கு மனம் வராது.

காரணம் ரசனை மட்டுமல்ல, நிலமும்கூட. யாழ்ப்பாணத்தில் சாமிக்குப் பறிக்கும் பூ சாடியில் இல்லை. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வேலியோரத்தில், செம்பாட்டு மண்ணில், மரமாகவே நிற்கின்றன. காலையில் கிணற்றடிக்குப் போகும்போதே தட்டு நிறைந்துவிடும். ஆகவே சாடிக்குக் கடமை எதுவும் கிடையாது, அழகாக நின்றால் போதும். சென்னையில் அடுக்குமாடிக்காரருக்கு வேலியோரம் எங்கே? சாமி படத்துக்கும் தலைக்கும் வேண்டிய பூ அந்த ஒரு தொட்டியிலிருந்துதான் வரவேண்டும். கண்ணைப் பறிக்கும் வேலையையும் கைக்குப் பூக் கொடுக்கும் வேலையையும் ஒரே செடியிடம் கேட்கிறோம்.

சொல்லிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. இங்கே பூந்தொட்டி, அங்கே பூச்சாடி. அங்கே தொட்டி என்றால் கிணற்றடியில் குளிக்கத் தண்ணீர் நிறைத்து வைக்கும் சீமெந்துத் தொட்டி.

மேல்நாட்டார் இலையுதிர் காலத்துக்கென்று சாடி அமைக்கும்போது, ஒரே சாடிக்குள் நடுவே உயரமாக ஒன்று, அதைச் சுற்றி அடர்த்தியாகச் சில, விளிம்பில் வழியும்படி ஒன்று என்று நடுவார்கள். அவர்கள் குளிரில் வேர் மெதுவாக வளரும், நெருக்கம் தாங்கும். நம் மழையில் அப்படி நெருக்கினால் இரண்டே வாரத்தில் அடியிலை அழுகத் தொடங்கிவிடும். அதனால் இரண்டு கரையிலும் ஒரு சாடிக்கு ஒரு செடி என்பதே வழக்கம். சேர்த்து அழகு பார்ப்பது சாடிகளை, கொலுப்படி அடுக்குவதுபோல. ஆகவே நடுநாயகம் என்று நான் சொல்வது சாடிக்குள் உள்ள நடுவை அல்ல. சாடிக் கூட்டத்துக்கு நடுவில் பதக்கத்து மணிபோல் இருந்து மற்றவற்றுக்கெல்லாம் இடம் சொல்கிற அந்த ஒன்றை.

சின்னம்மாவின் நடுநாயகம் ஒரு முறுக்கிலைக் குரோட்டன். மலுக்குத் தீவுப் பக்கத்திலிருந்து வந்த சாதி. ஒவ்வோர் இலையும் திருகாணி மாதிரி சுற்றி, மஞ்சளில் தொடங்கிச் செம்பு நிறம் வழியாகக் கறுப்புச் சிவப்புக்குப் போகும். மூன்றடி உயரம். அதை அவர் ஆவணியிலேயே முற்றத்து வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடுவார். அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது: குரோட்டனின் நிறம் வெளிச்சத்தில்தான் ஊறும். நிழலில் விரியும் இலை பச்சையாகவே நின்றுவிடும். கார்த்திகை மூட்டத்தில் புதிதாய் வரும் இலைக்கு நிறம் போதாது. ஆவணி வெயிலில் நிறம் ஏறிய இலைகளைக் கொண்டுதான் மழைக்காலம் முழுவதும் ஓட்டவேண்டும். இடத்தைத் திடீரென்று மாற்றினால் இலையை உதிர்த்துவிடும் என்பதால், படிக்குக் கொண்டுவரும்போது நாளுக்கு இரண்டு சாண் மேல் நகர்த்தமாட்டார்.

அடிமண்ணுக்கு அவர் போடுவது ஊமல். கிழங்குக்காகப் பாத்தி போட்டு, கிழங்கைப் பிடுங்கியபின் மிஞ்சும் பனங்கொட்டை ஓடு. அதை இரண்டாகப் பிளந்து, குழிப்பக்கம் கவிழ்த்துச் சாடியின் அடியில் பரப்புவார். அதன்மேல் தும்பு, அதற்குமேல் செம்பாட்டு மண்ணும் மாட்டெருவும். ஐப்பசி முதல் மழைக்கு முன்னால் ஒவ்வொரு சாடியையும் சரித்து, அடித்துளையில் ஈர்க்கை விட்டுக் குத்திப் பார்ப்பார். சாடிச் செடி மழைக்காலத்தில் சாவது தண்ணீர் போகாமல்தான். வேருக்கு மூச்சு இல்லாமல் போகிறது. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாதவர் எந்தச் செடியைத் தேர்ந்தாலும் பயன் இல்லை என்றே நான் நம்புகிறேன்.

அவர் இன்னொன்றும் செய்வார். கூரைத் தாழ்வாரத்தில் அண்டா வைத்துப் பிடிக்கும் மழைத் தண்ணீரைக் கார்டினியாவுக்கும் வெட்சிக்கும் ஒதுக்கிவைப்பார். யாழ்ப்பாணக் கிணறு சுண்ணாம்புக் கல்லில் தோண்டியது. அந்தத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும். சென்னை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் மாடிகளிலும் இதே மஞ்சளைப் பார்க்கிறேன். இங்கே அதற்குப் பெரும்பாலும் உரம் வாங்கிப் போடுகிறார்கள். மழைநீர் பிடிக்கும் அண்டாவை நான் சென்னைக்கு வந்தபின்னும் விடவில்லை.

இலங்கைக்காரரின் இலைப்பற்றுக்கு வியாபாரமும் துணை நிற்கிறது. அந்நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் அலங்காரச் செடிகளில் வெட்டு இலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பத்தரமுல்லையில் தியத்த உயனவுக்குப் போய்ச் செடிக்கடைகளைச் சுற்றினால், கண் முதலில் நிற்பது இலை வகைகளில்தான்.

சாடியே நடுநாயகமாவதையும் நான் இலங்கையில்தான் கண்டேன். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் பெந்தோட்டைக்கு அருகில் வாங்கி, ஆயுள் முழுக்கச் செதுக்கிய லுனுகங்கைத் தோட்டத்தில், கறுவாக் குன்றின்மேல் ஒரு மகிழ மரம் நிற்கிறது. அதனடியில் பெரிய பீங்கான் சாடி ஒன்று. அதில் பூச்செடி ஏதும் கிடையாது. வீட்டு வாசலிலிருந்து பார்க்கும் கண் புல்வெளி ஏறி, அந்தச் சாடியில் தங்கி, அப்புறம்தான் தூரத்துக்குப் போகிறது. கண்ணுக்கு ஓர் இருக்கை போட்டுக் கொடுப்பதுதான் நடுநாயகத்தின் வேலை என்று அங்கே நின்றபோது உறைத்தது.

இலையிலும் ஒரு சிக்கல் உண்டு. புரோமிலியாட் என்று ஒரு செடி. நடுக்குருத்து தீப்பிடித்த மாதிரிச் சிவக்கும். மழைக்காலச் சாடிக்கு அதைவிட எடுப்பாக ஒன்று கிடைப்பது அரிது. ஆனால் அந்தக் குருத்தே ஒரு கிண்ணம், மழைநீர் அதில் தேங்கும். இலங்கையில் நுளம்பு பெருகும்படி வளவை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் சாடிகளின் அடித்தட்டைத்தான் முதலில் பார்ப்பார். சென்னையிலும் மாநகராட்சிக்காரர்கள் தொட்டித் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். டெங்கு பார்த்த வீடு எங்களுடையது. புரோமிலியாட்டை நான் வாசலில் வைப்பதில்லை. அடித்தட்டுகளையும் ஐப்பசியில் எடுத்து அடுக்கி வைத்துவிடுகிறேன்.

பூவின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். உண்மையான இலையுதிர் காலப் பூச்சாடியைக் காண இந்தியாவில் வடக்கே போகவேண்டும். தில்லியில் ஆனி, ஆடியில் சாமந்திக் கொம்பை நட்டு, பக்கக் கிளைகளையும் பக்க மொட்டுகளையும் கிள்ளி எறிந்து, ஒரே தண்டில் ஒரே மொட்டை மட்டும் விட்டு வளர்க்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும். சண்டிகரில் டிசம்பரில் சாமந்திக்கென்றே கண்காட்சி நடக்கிறது. சாடிக்கு ஒரு பூ. வேறு எதையும் பார்க்கத் தோன்றாது.

அந்தப் பூ கொழும்பில் ஏன் அப்படி வருவதில்லை என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். வெப்பம் ஒரு காரணம். இரவின் நீளம் இன்னொன்று. சாமந்தி, இரவு நீண்டால் மொட்டுவிடும் செடி. தில்லியில் கோடைப் பகல் 14 மணி நேரத்தைத் தொடுகிறது. டிசம்பரில் 10 மணி 20 நிமிடத்துக்குச் சுருங்குகிறது. கோடை முழுக்கச் செடி தண்டும் இலையுமாக உயர்ந்து, பிறகு மொத்த பலத்தையும் மொட்டில் வைக்கிறது. கொழும்பில் மிகக் குறுகிய பகலே 11 மணி 40 நிமிடத்துக்கு மேல். மிக நீண்டதும் பன்னிரண்டரைதான். வளரும் காலம், பூக்கும் காலம் என்று செடிக்குப் பிரித்துச் சொல்ல அங்கே வானத்தில் எதுவும் இல்லை. முழங்கால் உயரம் வருமுன்பே மொட்டு வைத்துவிடுகிறது. சென்னை இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. இங்கே சாமந்தி கொத்துக் கொத்தாக நன்றாகவே பூக்கும், இரவு இருட்டாக இருந்தால். எங்கள் மாடிப்படி விளக்குக்கு நேர் கீழே வைத்த தொட்டி ஒரு வருடம் மார்கழி வரை மொட்டே விடவில்லை. நான்கடி தள்ளி, நிழலில் இருந்தது நிறையப் பூத்தது.

பூத்த செடியாக வாங்குவதிலும் நான் பட்டிருக்கிறேன். சென்னைக்கு வரும் நர்சரிச் செடிகளில் பெரும்பகுதி ஆந்திராவின் கோதாவரிக் கரையில் உள்ள கடியத்திலிருந்து லாரியில் வருபவை. வழியில் உதிராமலிருக்க வேரைச் சுற்றிக் களிமண்ணை உருண்டையாக இறுக்கியிருப்பார்கள். "அப்படியே தொட்டில வெச்சிடுங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்று விற்றவர் சொன்னதை நம்பி, ஓர் ஐப்பசியில் ஆறு சாமந்திகளை அப்படியே வைத்தேன். சுற்றிலும் நான் நிரப்பிய தென்னை நார்த்தூள் தண்ணீரைக் குடித்து ஊறியது. நடுவில் களிமண் உருண்டை சேறாகி வேரை மூடியது. ஒன்பதாம் நாள் தண்டை இழுத்தபோது ஈரத் தாள்போலக் கையோடு வந்தது. இப்போது வாளித் தண்ணீரில் உருண்டையை அரைமணி நேரம் ஊறவைத்து, பாதிக் களிமண்ணையாவது விரலால் கரைத்துவிட்டுத்தான் நடுகிறேன்.

ஆகவே, மழையில் திறந்து நிற்கும் வாசலுக்கு நடுநாயகம் இலையாகத்தான் இருக்கவேண்டும் என்று சின்னம்மாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். பூவைச் சன்னல் விளிம்புக்கும் கூரை நீண்ட இடத்துக்கும் மாற்றிவிட்டேன். ஒரே ஒரு பூவுக்கு மட்டும் இதில் விலக்கு.

காந்தள் இரு கரைக்கும் பொதுவான மழைப்பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது. தமிழ்நாட்டில் செங்காந்தள், மாநில மலர். ஈழத்தில் கார்த்திகைப்பூ, விடுதலைப் புலிகள் தேசிய மலராக வரித்ததும் இதையே. கார்த்திகையில் இறந்தவர்களை நினைக்கும் நாளோடு அது சேர்ந்துவிட்டது. திண்டுக்கல், கரூர், தாராபுரம் பக்கத்து விவசாயிக்கோ இது கண்வலிக்கிழங்கு. விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கும் மருந்துத் தொழிலுக்காகக் கம்பிப் பந்தலில் பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிச் செங்கோணமாக மடங்கி நிற்பதால், காலையில் வயலில் இறங்கிப் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள்.

சாடியில் இது நன்றாக வரும். ஓரடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். கவட்டைபோன்ற கிழங்கை ஆனி, ஆடியில் படுக்கவைத்து, நான்கு விரல் மண் மூடி, ஏற மூங்கில் குச்சி கொடுத்தால் போதும். இலை நுனியே சுருளாக நீண்டு குச்சியைப் பிடித்துக்கொள்ளும். மொட்டு தலைகவிழ்ந்து பச்சையாக இருக்கும். விரியும்போது இதழ்கள் மேல்நோக்கி வளைந்து, ஓரம் நெளிந்து, மஞ்சளாகும். நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். சில நாளில் முழுக்கச் சிவந்துவிடும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும்போது பக்கத்தில் எந்தக் குரோட்டனும் எடுபடாது. செடி முழுதும் நஞ்சு, கிழங்கில் மிகுதி. சிறுபிள்ளை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்; கிழங்கைத் தொட்ட கையை உடனே கழுவவேண்டும்.

எங்கள் மாடியில் நடுவில் நிற்பது இதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த அன்று முக்காலியோடு சாய்ந்து தொட்டி உடைந்தது. கிழங்கு மட்டும் மண்ணோடு தப்பியது. இப்போது மாடியில் நிற்பது அதன் வழிவந்தது.

சின்னம்மாவுக்குக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"கார்த்திகைப்பூவைச் சாடியில வைக்கிறதில்லை, பிள்ளை. அது வேலியில தானாய் வரும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வந்தால் நான் வெட்டுறதில்லை" என்றார்.

போன கார்த்திகையில் அந்த வேலியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கிளுவைக்கு மேலே ஏழு பூ. பின்னால், விறாந்தைப் படியில், மழை சொட்ட நின்றது முறுக்கிலைக் குரோட்டன்.