மேடு ஏறும் எழுத்து

சைக்கிளில் போகிறவனைப் பற்றி எழுதுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். சாலை இருக்கிறது, இரு பக்கமும் காட்சி இருக்கிறது, வழியில் நாலு மனிதர்கள் எதிர்ப்படுவார்கள், பொழுது சாய்ந்தால் ஒரு சத்திரம் வரும். இவற்றை வரிசையாகச் சொன்னால் பிரயாணக் கட்டுரை ஆகிவிடும். ஆனால் சாலை மலைப் பக்கம் திரும்பி, காலம் கோடையாகவும் இருந்து, போகிறவன் தனி ஆளாகவும் இருந்துவிட்டால் இந்தச் சுலபமெல்லாம் போய்விடுகிறது. அப்படிப்பட்ட ஒரு பகற்பொழுதை உள்ளது உள்ளபடி சொல்லும் எழுத்து நான் படித்தவரையில் மிகக் குறைவு. ஏன் குறைவு என்று யோசித்துப் பார்ப்பது, எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றுகிறது.

முதலில் மேடு என்பது என்னவென்று பார்த்துக்கொள்ளலாம். சமதரையில் சைக்கிள் மிதிக்கிறவனுக்கு முக்கிய விரோதி காற்று. மேட்டிலோ அவனுடைய எடையும், வண்டியின் எடையும், பின்னால் கட்டிய மூட்டையின் எடையும் சேர்ந்து அவனைக் கீழே இழுக்கின்றன. வேகம் மணிக்கு நாலைந்து மைலாகிவிடும். அந்த வேகத்தில் முகத்தில் காற்றே படாது. வேர்வை உலராமல் புருவத்தின் வழியாக இறங்கிக் கண்ணைக் கரிக்கும். உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முக்கியமாக நம்பியிருப்பது வேர்வை உலர்வதைத்தான். அந்த வழி தடைப்படுகிற நேரம் பார்த்துத்தான் தசைகளும் அதிகச் சூட்டை உண்டாக்குகின்றன. கோடையில் மேடு ஏறுவது இரட்டைத் தண்டனை. உச்சியைத் தாண்டியதும் எல்லாம் தலைகீழ். ஒரு மணி நேரம் பாடுபட்டுச் சேர்த்த உயரத்தைப் பத்து நிமிஷத்தில் செலவழித்துவிட்டு, சட்டை காய்ந்து, ராஜாவைப் போல அடுத்த மேட்டின் அடிவாரத்தில் வந்து நிற்கிறான். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலைச் சாலை ஏறியவன்தான். இதில் மிகை ஒன்றுமில்லை.

எழுத்தாளனுக்குச் சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. மேட்டில் நேரம் ஏராளம், நிகழ்ச்சி கிடையாது. இறக்கத்தில் பரபரப்பு உண்டு. நின்று பார்க்க நேரமில்லை. நாளின் பெரும் பகுதி மேட்டில்தான் கழிகிறது. ஆனால் எழுதும்போது கை தானாக இறக்கத்துக்குத்தான் ஓடுகிறது. 'சிரமப்பட்டு ஏறினேன்' என்று ஒரு வாக்கியத்தில் மூன்று மணி நேரத்தை மடக்கிவிட்டு, உச்சியிலிருந்து தெரிந்த பள்ளத்தாக்கைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்!

ஆங்கில ஹாஸ்ய ஆசிரியர் ஜெரோம் கே. ஜெரோம் இதைக் கண்டுபிடித்தவர். மூன்று நண்பர்கள் ஜெர்மனியில் சைக்கிளோடு சுற்றுகிற 'த்ரீ மென் ஆன் தி பம்மல்' என்ற அவருடைய புத்தகம் 1900-இல் வந்தது. சைக்கிள் கம்பெனி விளம்பரப் படங்களை அதில் அவர் ஒரு பிடி பிடிக்கிறார். படத்தில் உள்ளவர் பாடுபடுவதாகவே தெரியாதாம். வண்டி தேவலோகத்து விமானம்போல் தானாக மிதந்து போகுமாம். படிக்கும்போது சிரித்தேன். பிறகு, பிரயாண எழுத்து முழுவதற்கும் இதைவிட நல்ல உரைகல் கிடைக்குமா என்று தோன்றியது. எந்தப் பக்கத்தில் உழைப்பு மறைக்கப்பட்டிருக்கிறதோ, அந்தப் பக்கம் விளம்பரப் படம். வேடிக்கை என்னவென்றால், ஜெரோமின் புத்தகத்திலேயே சைக்கிள் மிதிக்கிற பக்கங்கள் சொற்பம். பேச்சும் கிளைக் கதைகளுமே மிகுதி. மூன்று பேர் சேர்ந்து போனால் பேச்சு வந்து சாலையை மூடிக்கொள்கிறது.

ஹெச். ஜி. வெல்ஸ் 1896-இல் எழுதிய 'தி வீல்ஸ் ஆஃப் சான்ஸ்' நாவலில் கதாநாயகன் தனியாகத்தான் புறப்படுகிறான். ஜவுளிக் கடைச் சிப்பந்தி, வருஷத்துக்கு ஒரு முறை கிடைக்கிற பத்து நாள் விடுமுறை, ஆகஸ்டு மாதம். சைக்கிள் பழகி விழுந்து எழுந்த காயங்கள் நிறைந்த அவன் கால்களைக் காட்டித்தான் வெல்ஸ் கதையையே தொடங்குகிறார். எவ்வளவு நேர்மையான ஆரம்பம்! ஆனால் முதல் நாளே சாலையில் ஒரு யுவதியை எதிர்ப்பட வைத்துவிடுகிறார். அதற்குப் பிறகு அது காதலும் சாகசமும் கலந்த கதை. வெல்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை எழுதுகிறவன் சுபாவம் அது. தனி மனிதன் ஒருவன் பேசாமல் மேடு ஏறிக்கொண்டே இருந்தால் நமக்குக் கை அரிக்கும். யாரையாவது கொண்டுவந்து அவன் பக்கத்தில் நிறுத்தினால்தான் நிம்மதி. சம்பாஷணை என்ற ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டால் எத்தனை நாவலாசிரியர்கள் நடப்போம்?

அந்த ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்டியவர் ஒரு பெண்மணி. அயர்லாந்தில் லிஸ்மோர் என்ற சிற்றூரில் 1931-இல் பிறந்து 2022-இல் காலமான டெர்வ்லா மர்ஃபி. பத்தாவது பிறந்த நாளுக்கு அவருக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு தேசப் படப் புத்தகமும் பரிசாகக் கிடைத்தன. சில நாளைக்குப் பின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்தான மேட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோது, தன் கால்கள் சுற்றுவதைப் பார்த்து, இப்படியே விடாமல் சுற்றினால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று நினைத்ததாக எழுதுகிறார். அந்த எண்ணம் இறக்கத்தில் வரவில்லை, மேட்டில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெகு காலம் நோயாளித் தாயாரைப் பராமரித்துவிட்டு, தாயார் மறைந்த பிறகு, 1963 ஜனவரியில் டன்கர்க்கிலிருந்து புறப்பட்டார். அந்த வருஷக் கோடையில் டில்லி வந்து சேர்ந்தார். அந்தப் பிரயாணத்தின் நாட்குறிப்புத்தான் 1965-இல் வெளிவந்த 'ஃபுல் டில்ட்'.

டான் க்விக்ஸாட்டின் குதிரையான ராசினாண்டேயை நினைத்துத் தம் சைக்கிளுக்கு ராஸ் என்று பெயர் வைத்தார். அதிலிருந்த கியர் அமைப்பையும் புறப்படுமுன் கழற்றிவிட்டார். ஆசியச் சாலைகளில் அது தாங்காது என்பது அவர் கணக்கு. கியர் இல்லாத வண்டியோடு இமயத்தின் ஓரமாகப் போகிறவர் மேட்டை மிதித்து ஜெயிப்பேன் என்று சபதம் எடுக்க முடியாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான். அவர் தள்ளுகிறார், தள்ளினேன் என்று எழுதவும் செய்கிறார். அதில் வெட்கமும் இல்லை, வீரமும் இல்லை. புத்தகத்தின் தொனியே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கிறது.

கில்கிட்டிலிருந்து சிலாஸ் நோக்கி சிந்து நதிப் பள்ளத்தாக்கில் போகும் பகுதியைப் படித்துப் பாருங்கள். பின்னாளில் காரகோரம் நெடுஞ்சாலை வந்த பள்ளத்தாக்கு அது. 1963-இல் அந்த வசதி கிடையாது. பக்கத்தில் 8,126 மீட்டர் உயரமான நங்க பர்வதம் பனியைச் சுமந்து நிற்கிறது. பருவ மழையை மலைகள் தடுத்துவிடுவதால் கீழே மரம் இல்லை, நிழல் இல்லை. மொட்டைப் பாறைச் சுவர்கள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து அனலாகத் திருப்பி விடுகின்றன. கோடையில் வெப்பம் நாற்பது டிகிரிக்கு மேல் போவது அங்கே சகஜம். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் பனி. கைக்கு எட்டாத ஆழத்தில் ஆறு. நடுவில் தாகத்தோடு ஒரு பெண். இந்த இடத்தில் சாதாரண எழுத்தாளர் தத்துவம் பேசத் தொடங்கியிருப்பார். டெர்வ்லா தண்ணீரையும், தலைச் சுற்றலையும், அடுத்த நிழலையும் பற்றி மட்டும் எழுதுகிறார். வெயில் கடைசியில் அவர் உடம்பைச் சாய்த்துவிடுகிறது. அதையும் வைத்தியருக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அதன் பின் 4,173 மீட்டர் உயரத்தில் உள்ள பாபுசர் கணவாயில் பனியில் சைக்கிளைச் சுமந்து கடக்கும்போதும் குரல் உயரவில்லை. அனலையும் பனியையும் ஒரே குரலில் சொல்வதால் இரண்டையும் நம்புகிறோம்.

இதைப் படிக்கையில் நம்முடைய பாலைத் திணை எனக்கு நினைவு வந்தது. பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தவர்கள் தமிழர்கள். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் பாலை என்று சொன்னவர்கள். மலைநாட்டுக் கோடைப் பகலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பாட்டுக்களில் பல, வழி நடப்பவன் வாயிலிருந்து வருபவை அல்ல. வீட்டில் காத்திருப்பவள் அந்தக் கொடிய வழியை நினைத்துச் சொல்பவை. வழியின் கொடுமை உறைப்பதற்குக் காரணம், அதற்கு ஒரு மறுகரை இருப்பதுதான். டெர்வ்லாவும் அன்றன்று இரவு எழுதிய குறிப்புகளை ஊரிலிருந்த சில நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். காத்திருக்கிறவர்களுக்காக எழுதியதால் பெருமையடிப்பதற்கு இடமில்லை. பயமுறுத்தவும் மனம் வராது. தனியாகப் போனவருடைய எழுத்தில் இவ்வளவு ஸ்நேகபாவம் இருப்பதன் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. மலைகளின் அழகைச் சொல்ல வரும்போது அடைமொழிகள் அடுக்கடுக்காக வந்து விழுகின்றன. ஒரே வியப்பைப் பத்தாவது முறை படிக்கும்போது நமக்கு வியப்பு வருவதில்லை. ஒரு தேசத்தில் சில வாரங்கள் இருந்துவிட்டு அந்த ஜனங்களுக்கெல்லாம் சேர்த்துத் தீர்ப்புச் சொல்கிற அவசரமும் உண்டு. ஆப்கானியர்களிடம் அவருக்கிருந்த பிரியத்தில் பாதியாவது பாரசீகர்களுக்குக் கிடைத்திருக்கலாம். அன்றிரவே எழுதியதன் பலம் இந்த நூலின் பலம். அன்றிரவே எழுதியதன் பலவீனமும் இதில் இருக்கிறது. ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் அவர் சைக்கிளை விட்டு இறங்கி உட்கார்ந்த இடங்களில்தான் வருகின்றன. மேட்டில் இருக்கும் வரையில் ஒரு சொல் கூடுதல் இல்லை. மூச்சு வாங்குகிறவனால் அலங்காரமாகப் பேச முடியாது அல்லவா?

தமிழில் பிரயாண நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் நாம் ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்குகிறோம். கோயில், மாளிகை, விருந்து, வரவேற்பு எல்லாம் இருக்கின்றன. நடுவில் உள்ள வழியைக் காணோம். ரயில் ஜன்னலுக்கும் கார்க் கண்ணாடிக்கும் மேடு பள்ளம் தெரியாது. வழி இல்லாத பிரயாண நூல், சமையல் இல்லாத சாப்பாட்டுப் பட்டியல் மாதிரி. வாசகர்கள் இதைப் பொறுத்துக்கொள்கிற வரையில் எழுதுகிறவர்களும் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிரயாணக் கட்டுரை ஒன்றைக் கையில் எடுத்தால், ஆசிரியர் உச்சியில் நின்று என்ன பார்த்தார் என்பதை அப்புறம் படியுங்கள். முதலில், அவர் உச்சிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார், எத்தனை தடவை நின்றார், தண்ணீர் எங்கே கிடைத்தது, எந்த இடத்தில் இறங்கித் தள்ளினார் என்று தேடிப் பாருங்கள். அது இருந்தால் அவர் சொல்கிற காட்சியையும் நம்பலாம்.