ஓட மட்டுமே தெரிந்தவள் நிற்கப் பழகினாள்

ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரையோடு வாழ்வதைப்போல இன்பமான காரியம் வேறொன்று எனக்குத் தெரியாது. திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில், மல்லாட்டைக் (நிலக்கடலைக்) கொல்லையை ஒட்டிய எங்கள் வீட்டுக்குச் செல்லி என்ற குதிரை வந்த நாளிலிருந்து, கேட்பவர் கேளாதவர் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

செல்லி சென்னைக் கிண்டி ரேஸ் மைதானத்தில் ஓடியவள். தரோபிரெட் சாதி. உலகத்திலுள்ள இந்தச் சாதிக் குதிரைகளெல்லாம் ஆண் வழியில் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என்ற மூன்றே குதிரைகளிடம் போய்ச் சேரும். முந்நூறு ஆண்டுகளாக வேகம் ஒன்றுக்காகவே பொறுக்கி எடுத்து வளர்த்த ரத்தம். இரண்டு வயதில் ஓடத் தொடங்குகின்றன. பல குதிரைகளுக்கு ஐந்தாறு வயதிலேயே ரேஸ் முடிந்துவிடுகிறது. ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயதுக்கு மேலும் வாழும். அந்த மீதி ஆயுசு முழுவதும் யார் வீட்டில் கழியப்போகிறது என்பதுதான் என் கவலை. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, கிண்டியில் 160 ஏக்கருக்கு மேற்பட்ட ரேஸ் மைதானத்தைக் கையில் எடுத்தபோது எல்லாரும் நிலத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கு லாயத்தில் நிற்கும் குதிரைகள்தான் கண்ணில் வந்தன.

ரேஸை விட்டுக் குதிரை வீட்டுக்கு வந்ததும் யாரும் ஏறக் கூடாது. முதல் சில மாதம் சும்மா மேய விட வேண்டும். ரேஸ் தீனியில் முறுக்கேறிய தசை கரையும், விலா தெரியும், ஊரார் வந்து “சோறு போடலயா?” என்று கேட்பார்கள். காதில் வாங்காதீர்கள். ஓட்டத்துக்கென்று அடித்த மெல்லிய அலுமினிய லாடம் கழன்று, குளம்பு தானாகத் தடித்து வளரும். பிறகு ஒரு நாள் காலை வெயிலில் அந்தச் செம்பழுப்பு உடம்பு பளபளக்கும் பாருங்கள், அப்படி ஓர் அழகு!

பழக்குவதில்தான் உண்மையான ருசி இருக்கிறது. ரேஸ் குதிரைக்குக் கடிவாளத்தை இழுத்தால் நிற்கத் தோன்றாது. இழுப்பில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகம் பிடிக்கத்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் வாரைத் தளர்த்திவிட்டு, முதுகில் ஆழ உட்கார்ந்து, மூச்சை விட்டு, குரலால் நிறுத்தப் பழக்க வேண்டும். அதற்கும் முன்னால் தரையில் நின்றபடி, நீளக் கயிற்றில் வட்டமாக நடை, டிராட் (மெதுவோட்டம்), மறுபடி நடை. ஜாக்கியை யாராவது காலைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள், அதுவும் பாதி நேரம் குதிரை நடக்கும்போதே. ஏறும் மேடைப் பக்கத்தில் அசையாமல் நின்று ஆளை ஏற்றிக்கொள்வது செல்லிக்குப் புதுப் பாடம். முதன்முதலாக வார் தளர்ந்து கிடக்க, “நில்லும்மா” என்ற ஒரு சொல்லுக்கு அவள் நின்றபோது என் கண் நிறைந்துவிட்டது.

ஆயிரக்கணக்கான பேர் கத்தினாலும் அசராதவள், எங்கள் ஏரிக்கரையில் முதல் எருமையைப் பார்த்து நடுங்கிவிட்டாள். ஷேர் ஆட்டோ, மயில், ஆடி மாத ஒலிபெருக்கி எல்லாம் ஒவ்வொன்றாகப் பழகியாயிற்று. வேலைக்குப் போகிற ஒரு ஆயா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, ஐயனாரு கோயில்ல நிக்கிறதாட்டம் இருக்குது!” என்றார். அதைவிடப் பெரிய கோப்பை எந்த ரேஸிலும் கிடைக்காது.

தீனி விஷயத்தில் இந்த ஊரே ஒரு வரம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘டி.எம்.வி.’ ரகங்கள் பேர்போன மல்லாட்டைச் சீமை இது. பூஞ்சை பிடிக்காமல் நன்றாக உலர்ந்த மல்லாட்டைக் கொடியைப் புல்லோடு கலந்து போட்டால் செல்லி சொக்கிப்போகிறாள். குதிரையின் வயிற்றில் அமிலம் ஓயாமல் சுரக்கும். ரேஸ் லாயத்தில் தானியம் அதிகம், நார்த்தீனி குறைவு என்பதால் பல குதிரைகள் வயிற்றுப் புண்ணோடுதான் வருகின்றன. நாள் முழுக்க மெல்ல ஏதாவது கிடைக்க வேண்டும். 450 கிலோ உடம்புக்கு எட்டு, ஒன்பது கிலோ உலர்தீனி, தொட்டி நிறையத் தண்ணீர், உப்புக் கட்டி. கொள்ளுப் பயறை அளவாக, வேகவைத்து வையுங்கள். மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல்லை மட்டும் முழுத் தீனியாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது, எலும்பு பலவீனமாகும். குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது என்பதால் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. தீனியைத் தொடாமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புதுச்சேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது எங்களுக்குப் பெரிய தைரியம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கொட்டகையில் தண்ணீர் ஏற, இருட்டில் கயிற்றைப் பிடித்து மேட்டுக்கு நடத்தினேன். மின்னலுக்கு மின்னல் அவள் உடம்பு அதிர்ந்தது. ஆனாலும் ஓடவில்லை! என் தோளை ஒட்டி அடி அடியாக நடந்து வந்தாள். அவள் குணத்துக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கினான் என்று செஞ்சி தேசிங்கு ராஜனைக் கதைப்பாட்டு கொண்டாடுகிறது. 1714-ல் போரில் மாண்டவனை இந்தச் சீமை இன்னும் மறக்கவில்லை. செஞ்சிக் கோட்டையில் குதிரை லாயங்கள் இன்றும் நிற்கின்றன. இங்கே குதிரை வளர்ப்பது பணக்கார விளையாட்டு என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

செலவு உண்டு, மறைக்கவில்லை. ஓட விட ஒரு ஏக்கராவது இருக்கட்டும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க ஆள் வேண்டும். தனியாகக் கட்டாதீர்கள், கூட இன்னொரு குதிரை, இல்லாவிட்டால் ஆடுகளாவது இருக்க வேண்டும். வாங்கும்போது பாஸ்போர்ட்டையும் பழைய காயங்களையும் மருத்துவரை வைத்துப் பாருங்கள். இவ்வளவும் முடியும் என்றால், விலை கொடுத்துக் குட்டி வாங்க அலையாதீர்கள். ஓடி முடித்த ஒன்றை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.