“அடி வாங்குறதையே எத்தன தடவண்ணே பாக்குறது?”

போன வருஷம் ஏப்ரல் 14 அன்று எங்க காலனி இரவுப்பள்ளிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி ‘பரியேறும் பெருமாள்’ (2018) போட்டோம். புரொஜக்டர் இரவல். பாதிப் படத்தில் திரும்பிப் பார்த்தால் பின்வரிசை காலி. பையன்கள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனில் ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. “நம்ம கதைடா, உள்ள வாங்கடா” என்றேன். பிளஸ் டூ படிக்கிற ஒருத்தன் தலையைத் தூக்காமலே சொன்னான்: “அடி வாங்குறதையே எத்தன தடவண்ணே பாக்குறது?”

எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். வலியின் அழகியல், எதிர்க்கதையாடல் என்றெல்லாம் வாய் நிறைய வார்த்தை வைத்திருக்கிறேன். அந்தப் படிக்கட்டில் ஒன்றும் உதவவில்லை. அவன் கேட்டது விமர்சனக் கேள்வி. அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

‘பரியேறும் பெருமாள்’ முக்கியமான படம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் படம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? கடைசியில் பரியன் பேசுவது ஜோவின் அப்பாவிடம். இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. சாதி இந்து மனசாட்சியோடு ஓர் உரையாடல். நல்லது, நடக்கட்டும். ஆனால் கல்யாண மண்டபத்தில் பரியனுக்கு நடந்த கொடுமை ஜோவுக்குக் கடைசிவரை தெரியாது. அவளுடைய அறியாமையைப் பரியன்தான் கட்டிக் காக்கிறான். அடியும் அவனுக்கு, அதை மறைக்கிற வேலையும் அவனுக்கு. எங்க பசங்களுக்கு இந்த வேலை புதுசு இல்லை. கல்லூரியிலும் பஸ்ஸிலும் தினமும் செய்கிறார்கள்.

‘ஜெய் பீம்’ (2021) போட்டபோது எங்க பெரியம்மா லாக்கப் காட்சியில் எழுந்து போய்விட்டாள். “தெரிஞ்சதுதானே” என்றாள். 1993-ல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ராஜாக்கண்ணு லாக்கப் கொலைதான் அந்தக் கதை. ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளராக ஆக்கப்பட்டிருக்கிறார். செத்தவனுக்கு மிச்சமிருந்தது ஒரு அடையாளம், கதைக்காக அதையும் மாற்றலாமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அடியை அவ்வளவு நேரம் காட்டியதால் எங்க தெருவுக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. பெண்கள் கைதட்டியது ஒரே ஒரு இடத்தில். போலீஸ் ஜீப் பின்னாலேயே வந்து ஏறச்சொல்லிக் கெஞ்ச, செங்கேணி ஏறாமல் நடந்துபோகிறாளே, அந்த இடத்தில். வக்கீலின் கோர்ட்டுப் பேச்சுக்குக்கூட அப்படித் தட்டவில்லை.

‘கர்ணன்’ (2021) போட்டபோது பையன்கள் ஒருத்தனும் நகரவில்லை. கையில் வாள் இருக்கிறதே! எனக்கு அதில் வாளைவிட முக்கியமாகப் பட்டது பெயர். துரியோதனன், அபிமன்யு என்று சேரிக்காரன் ராஜா பெயர் வைத்துக்கொண்டதையும், தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்பதையும் அந்தப் போலீஸ் அதிகாரியால் தாங்க முடியவில்லை. 1995 ஆகஸ்டில் போலீஸ் புகுந்து சூறையாடிய கொடியன்குளத்தை அந்தப் படத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறோம். அங்கே உடைந்தவை வீட்டுச் சாமான்கள். இவன் இவ்வளவு வைத்திருக்கலாமா என்கிற எரிச்சல் அது. பெயர்மேல் வருகிற எரிச்சலும் அதே எரிச்சல்தான்.

‘சார்பட்டா பரம்பரை’க்கு (2021) மட்டும் கிழவிகளிலிருந்து வாண்டுகள்வரை எல்லோரும் கடைசிவரை இருந்தார்கள். ஏன்? அதிலும் கபிலனை வளையத்துக்குள்ளேயே துணியை உருவி அவமானப்படுத்துகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. வாத்தியார் இருக்கிறார், ஆட்டம் இருக்கிறது, சண்டைக்கு நிற்கிற மாரியம்மா இருக்கிறாள், டான்சிங் ரோஸ் மாதிரி எதிரிகூட ரசிக்கிறாப்போல இருக்கிறான். அடி ஒரு சம்பவமாக வந்து போகிறது, அதுவே ஆளாகிவிடவில்லை.

சீரியலைப் பற்றிப் பேசினால் தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கம்மா பார்க்கிற கலை அதுதான். 2022-லிருந்து 2024 வரை சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ ஓடியபோது ஒன்பதரை மணிக்கு மேல் நான் எதுவும் கேட்க முடியாது. ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்கள் வேலைக்குப் போவதா கூடாதா என்பதுதான் மாசக்கணக்கில் சிக்கல். மாரிமுத்து அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்தார். 2023-ல் அவர் இறந்தபோது சொந்தக்காரர் போனமாதிரி அம்மா கண்கலங்கினாள். ஒருநாள் அவளே சொன்னாள்: “பொம்பள வேலைக்குப் போவக்கூடாதுன்னு நம்ம தெருவுல ஒரு ஆம்பள சொன்னான்னா அன்னிக்கு ராத்திரி அவனுக்கே சோறு கெடையாது.” ஆதிக்க சாதி வீட்டுக் கதவைத் திறப்பதையே தமிழ்ப் பெண்ணின் விடுதலை என்று காட்டுகிற சீரியலுக்கு இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. விடியலில் களை எடுக்கப் போனவளுக்கு அந்தக் கதவே இருந்ததில்லை. அவளுக்குக் கூலியும் மரியாதையும்தான் பிரச்சனை. அது எந்தச் சேனலில் ஒன்பதரை மணிக்கு வருகிறது?

இப்போது அந்த செல்போனுக்கு வருகிறேன். ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியில் தடை செய்தார்கள். பையன்கள் ‘மேக்ஸ்’ என்று இன்னொன்றை வைத்து ஆடுகிறார்கள். நேரம் தின்கிறது, காசும் தின்கிறது, நல்ல உடுப்பு வேண்டுமென்றால் டைமண்ட் வாங்கணும். எல்லாம் தெரியும். ஆனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்த்தேன். ஐம்பது பேர் விமானத்திலிருந்து தீவில் குதிக்கிறார்கள். ஓடித் தேடித்தான் துப்பாக்கி எடுக்கணும். பிறக்கும்போதே துப்பாக்கியோடு எவனும் இறங்குவதில்லை. அடித்தால் திருப்பி அடிக்கலாம், அதற்காக ஊருக்குள் பஞ்சாயத்து கூடாது. பத்து நிமிஷத்துக்கு மட்டும் கிடைக்கிற சமத்துவம் அது.

அதுவும் முழுசாக இல்லை. அவன் மைக்கை அணைத்தே வைத்திருந்தான். விளையாட்டுப் பெயரும் அவன் பெயர் இல்லை, இங்கிலீஷில் ஏதோ ஆவியின் பெயர். ஏண்டா என்றேன். “பேரச் சொன்னா ஊரக் கேப்பான், ஊரச் சொன்னா தெருவக் கேப்பான்ணே.”

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியில் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த ஒருநபர் குழுவின் அறிக்கை 2024 ஜூனில் வந்தது. மாணவர்கள் சாதிக்கயிறு கட்டக்கூடாது என்றது. அந்த ஒரு நபர், ‘ஜெய் பீம்’ வக்கீலுக்கு மூலமான நீதிபதி சந்துருதான். கயிறை அறுக்கலாம். மைக்கை அணைத்துக்கொண்டு விளையாடுகிற பிள்ளைக்கு என்ன செய்வது?

என் தப்பு எது என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. காயத்தைக் காட்டினால் உணர்வு வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். காயம் அறியாதவனுக்குத்தான் அதைக் காட்டணும். பாமாவின் ‘கருக்கு’ (1992) எங்களுக்குப் பாடமாக இருந்தது. அதில் சின்ன வயசு விளையாட்டுகளைப் பற்றியும் பக்கங்கள் இருக்கின்றன. வலியைத் தேடி அடிக்கோடு போட்ட நான் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். பழைய பிரதியை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு கோடுகூட இல்லை.

அடுத்த மாசம் என்ன படம் என்பதைப் பசங்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டோம். மூன்று பெயர் எழுதித் தந்தார்கள். ‘வாழை’ (2024) ஒன்று, மறுபடியும் ‘சார்பட்டா’ ஒன்று. மூன்றாவது விஜய்யின் ‘லியோ’ (2023). அம்பேத்கர் படத்துக்கு முன்னால் ‘லியோ’வா என்று நான் கேட்டேன். ஏன், அவரு சினிமா பாக்கக்கூடாதா என்று அவன் கேட்டான். சண்டை இன்னும் முடியவில்லை.