அச்சு முறுக்கு சுடும் வாரம்

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் பள்ளிகொண்டாவின் கிறிஸ்தவ வீடுகளில் எண்ணெய்ச் சட்டிக்கு ஓய்வே கிடையாது. பலகாரத்தில் வரிசை முக்கியம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி, மாவு கிளறி, இரண்டு நாளாவது வைக்க வேண்டும். ஆகவே அதுதான் முதல் வேலை. கலகலாவுக்கு ஆள்பலம் வேண்டும். மாவுருண்டையை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட, அரைப்பரீட்சை முடிந்த பிள்ளைகளை விட்டால் வேறு யார்?

என் மனம் நிற்பது அச்சு முறுக்கில்தான். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். அச்சை முதலில் காயும் எண்ணெயிலேயே போட்டுச் சூடாக்க வேண்டும். ஆறிய அச்சில் மாவு பிடிக்காது. தோய்க்கும்போது மேல்விளிம்பு மூழ்கவே கூடாது. மூழ்கினால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு கழலாது. முக்கால் பங்கு தோய்த்து எண்ணெயில் இறக்கி, சில நொடி பொறுத்து லேசாக உதறினால் பூப்பூவாகக் கழன்று மிதக்கும். அதைப் பார்க்கவே அடுப்படியில் நிற்கலாம்!

இவையெல்லாம் முன்னதாகவே டப்பாவில் ஏறிவிட்டால் 25ஆம் தேதி சமையல் சுலபம். ஆராதனை முடிந்து வந்ததும் சீரகச் சம்பாவில் ஆம்பூர் பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். அதற்கும் தூரம் போக வேண்டாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்தரி, இந்த வேலூர் மாவட்டத்து இலவம்பாடியில் விளைவதுதான்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பும்போது அச்சு முறுக்கை மேலாக வையுங்கள். அடியில் வைத்தால் நொறுங்கிவிடும்.