டென்மார்க் பன்றிகளும் மஞ்சள் அட்டையும்

நோயில்லாத பன்றிக்கும் கொழுக்கட்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது உலக வழக்கமாக இருந்தபோது, அதைக் கைவிட்டும் தொழில் நடத்தலாம் என்று காட்டிய நாடு டென்மார்க். 1995இல் அப்படிக் கலக்கப்பட்ட அவோபார்சின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குத் தடை விதித்தது. அந்த மருந்துக்குப் பழகிய குடல் பாக்டீரியாக்கள், மனித உயிர் காக்கும் வான்கோமைசினுக்கும் அடங்க மறுத்தன. 1999 முடிவதற்குள் வளர்ச்சிக்காக மருந்து கொடுப்பதே நின்றுபோனது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல்தான் அந்த நிலைக்கு வந்தது.

தடையைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. கால்நடை மருத்துவரே மருந்தை எழுதித் தந்து, அவரே விற்று லாபம் பார்த்துவந்தார். 1990களின் நடுவில் அந்த லாபத்துக்கு அரசு வரம்பு கட்டியதும் மருந்துப் பயன்பாடு சட்டென்று குறைந்தது. எழுதும் கையும் விற்கும் கையும் ஒன்றாக உள்ள எந்த நாடும் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

2010இல் மஞ்சள் அட்டை வந்தது. சராசரியைப் போல் இரு மடங்கு மருந்து செலவழிக்கும் பண்ணைக்கு எச்சரிக்கை. ஓரிரு ஆண்டுகளில் பயன்பாடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இறங்கியது; தடுப்பூசி கூடியது. உண்மையான வெற்றி இது.

ஆனால் நோய் எங்கே தொடங்குகிறதோ அங்கே யாரும் கைவைக்கவில்லை. இயல்பாக விட்டால் தாய்ப்பன்றி மூன்று மாதத்துக்கு மேலும் பாலூட்டும். பண்ணையில் நான்கு வாரத்திலேயே குட்டியைப் பிரித்துவிடுகிறார்கள். பக்குவப்படாத குடலில் தீவனம் இறங்கியதும் ஈ.கோலை பாக்டீரியா பெருகி வயிற்றுப்போக்கு வரும். அதைத் தடுக்கத் தீவனத்தில் துத்தநாக ஆக்ஸைடை அள்ளிக் கொட்டினார்கள். அது ஆன்டிபயாட்டிக் அல்ல என்பதால் மஞ்சள் அட்டைக் கணக்கில் வரவில்லை. பன்றிகளிடம் பரவிய, மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியிலோ, மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுவோடு துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தது. 2016இல் சோதித்த பண்ணைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பதில் அந்தக் கிருமி இருந்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் துத்தநாக ஆக்ஸைடை மருந்தளவில் கொடுப்பதை நிறுத்தியதும் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பயன்பாடு ஏறியது.

குட்டியைத் தாயிடம் இன்னும் சில வாரம் விட்டால் ஓராண்டில் கிடைக்கும் குட்டிகள் குறையும், இறைச்சி விலை கூடும். அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். மருந்தின் அளவைப் பார்க்கும் மஞ்சள் அட்டை, குட்டியைப் பிரிக்கும் வயதையும் பார்க்க வேண்டும்.