கருப்பு எந்த வண்டியில் வந்தார்? – ‘விடாது கருப்பு’ தொடரை முன்வைத்து

1

1997இல் நான் திருச்சியில் கல்லூரி மாணவன். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தேன். விடுதியில் டிவி கிடையாது. வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் ஏழெட்டுப் பேர் வார்டனுக்குத் தெரியாமல் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடந்து வந்துவிடுவோம். அங்கே ஒரு டீக்கடையில் சுவரில் பலகை அடித்து டிவி வைத்திருந்தார்கள். டீ வாங்கினால் நின்று பார்க்கலாம். எங்களிடம் மூன்று டீக்குத்தான் காசு இருக்கும். மூன்று கிளாஸையும் ஏழு பேரும் கைமாற்றிக் குடிப்போம். கடைக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

சன் டிவியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ‘விடாது கருப்பு’. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பு. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. ‘மர்ம தேசம்’ என்ற வரிசையில் முதலில் ‘ரகசியம்’ வந்தது. சித்தர்கள், நவபாஷாண லிங்கம் என்று அது போனது. அடுத்து வந்ததுதான் இது. ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றவர்கள், லால்குடி பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஜவுளிக்கடையில் வேலை முடிந்து வந்த பையன்கள் எல்லாரும் பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்பார்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் மூச்சை அடக்கும். முடிந்த பிறகு இருட்டு மூலையில் ஒண்ணுக்குப் போகத் துணைக்கு ஆள் தேடுவோம்.

ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி அம்மா, துணை தேடி நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தது. “ரெண்டு மணி ராத்திரிக்கு நாங்க இங்கதான் கூட்டுறோம். எந்தக் கருப்பும் வந்ததில்ல சாமி. குடிச்சிட்டு வர்றவந்தான் வர்றான்.”

அந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுதான். அது புரிய எனக்குப் பல வருசம் ஆனது.

2

பார்க்காத இளைய தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். தோட்டக்கார மங்கலம் என்று ஒரு ஊர். அங்கே தப்பு செய்தவர்களைக் காவல் தெய்வமான கருப்பு தண்டிக்கிறது. அருவாளோடு குதிரையில் வருகிறது. நகரத்துப் படிப்போடு ஊருக்குள் வரும் ரீனா என்ற பெண் இதைத் துப்புத் துலக்குகிறாள். இன்னொரு பக்கம், பழைய காலத்தில் ஒரு சின்னப் பையனும் அவனைப் படுத்தி எடுக்கிற பாட்டியும். கடைசியில் இரண்டு கதைகளும் ஒன்று சேர்கின்றன. கருப்பாக வந்தவன் ராஜேந்திரன். அவனுக்கு இரட்டை ஆளுமை. சின்ன வயதில் பட்ட அடி இன்னொரு ஆளாக அவனுக்குள் வளர்ந்திருக்கிறது.

தொடரைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஸ்டூடியோ சுவருக்குள் மாமியாரும் மருமகளும் அழுதுகொண்டிருந்த காலத்தில் நாகா கேமராவை வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்தார். புழுதி தெரிந்தது, பனைமரம் தெரிந்தது, குழந்தையின் பயம் குழந்தையின் பயமாகவே தெரிந்தது. புராண சீரியல்களில் ராமனும் கிருஷ்ணனும் ஜரிகை கட்டி வந்த பிறகு, மீசையும் அருவாளுமாகக் கருப்பு டிவிக்குள் வந்ததில் எங்களுக்கு ஒரு சந்தோசம். ‘நம்ம சாமிடா’ என்றான் என் பக்கத்தில் நின்றவன்.

நம்ம சாமியா? இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. கருப்பு பல சாதிக்கும் சாமி. எங்கள் தெருவிலும் கருப்பு உண்டு. ஆனால் ஊருக் கருப்பு வேறு, சேரிக் கருப்பு வேறு. ஊருக் கருப்புக்குத் திருவிழா என்றால் பறை அடிக்க எங்கள் ஆட்கள் போவார்கள். எல்லைக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். அடி ஏற ஏறத்தான் உள்ளே நிற்பவர் மேல் சாமி இறங்கும். சாமியை இறக்குகிற கை எங்களுடையது. சாமி இறங்குகிற உடம்பு மட்டும் எங்களுடையது இல்லை. என் நினைவில் நிற்கிற எந்தக் காட்சியிலும் தோட்டக்கார மங்கலத்துச் சேரித் தெரு இல்லை. ஒரு ஊரையே கேள்வி கேட்க வந்த ரீனா எத்தனையோ கதவைத் தட்டுகிறாள். எங்கள் கதவு தட்டப்படவில்லை.

தொடர் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறது. கொல்வது சாமியா, மனநோயா? ஆன்மிகமா, அறிவியலா? மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. ‘கருப்பு கொன்னுடுச்சு’ என்று சொன்னால் யாருக்கு லாபம்?

3

என் சித்தப்பா 1986இல் செத்தார். கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். பெயரைச் சொல்லப்போவதில்லை, என் சொந்தங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அறுப்புக் கூலியில் மரக்கால் குறைகிறது என்று களத்தில் வைத்துக் கேட்டார் சித்தப்பா. ‘அளவ மாத்தி அளங்க’ என்று எல்லார் முன்னாலும் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஊருக் கருப்பு கோயிலுக்குப் பின்னாலிருந்த பாழுங்கிணற்றில் கிடந்தார். பின்மண்டையில் காயம்.

பொழுது விடியும்போதே ஊரில் கதை தயாராக இருந்தது. கருப்பு ராத்திரி வேட்டைக்குப் போகிற பாதையில் குறுக்கே போயிருக்கிறான், சாமி அடித்துவிட்டது. போலீசுக்கு யாரும் போகவில்லை. சாமி குத்தத்துக்கு எந்த ஸ்டேசனில் எழுதிக் கொடுப்பது? ‘சீக்கிரம் எடுத்துருங்க, இல்லன்னா தெருவுக்கே ஆகாது’ என்றார்கள். மத்தியானத்துக்குள் புதைத்தாகிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்ததே 1989இல்தான். இருந்திருந்தாலும் கருப்பின் மேல் வழக்குப் போட அதில் பிரிவு கிடையாது.

என் அப்பாயி மட்டும் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. சாகும்வரை சொன்னது. “கருப்பு குதிரையில வருவாருன்னுதான கேள்விப்பட்டிருக்கேன். அன்னிக்கு ராத்திரி எங் காதுல கேட்டது ராஜ்தூத்து. கருப்பு என்னிக்கிடா ராஜ்தூத்து வாங்குனாரு?”

ஊரில் அப்போது ராஜ்தூத் வண்டி ஒன்றுதான் இருந்தது. அது யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதில் மர்மம் எங்கே இருக்கிறது? சேரிக்கு மர்மம் என்ற ஒன்று கிடையாது. யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்ல முடியாத நிலைமைக்குத்தான் ஊர் மர்மம் என்று பெயர் வைத்திருக்கிறது. பேய்க்கதை என்பது பல இடங்களில் ஊர் எழுதிக் கொடுத்த முதல் தகவல் அறிக்கை.

4

வெட்கமான ஒரு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடர் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு ராத்திரி, விடுதி மொட்டைமாடியில் ஆளுக்கொரு பேய்க்கதை சொன்னோம். என் முறை வந்தது. நான் சித்தப்பா கதையைச் சொன்னேன். மரக்காலை விட்டுவிட்டேன். ராஜ்தூத்தை விட்டுவிட்டேன். குதிரைச் சத்தம் சேர்த்தேன், சலங்கைச் சத்தம் சேர்த்தேன். பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ‘சூப்பர்டா’ என்றார்கள். படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. முதல் தடவை சித்தப்பாவைக் கிணற்றில் தள்ளியது யாரோ. இரண்டாம் தடவை தள்ளியது நான்.

அந்த வயசுப் பையனுக்கு அந்தத் தொடர் கொடுத்த மொழி அப்படி. கொலையை ரசிக்கிற மாதிரிச் சொல்ல ஒரு மொழி கொடுத்தது. நியாயம் கேட்க மொழி கொடுக்கவில்லை.

அதே 1997இல், ஜூன் 30ஆம் தேதி, மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு தலித் தலைவராக உட்கார்ந்ததுதான் குற்றம். கலெக்டர் ஆபீஸ் போய்விட்டுப் பட்டப்பகலில் திரும்புகிறவர்களைப் பயணிகள் கண் முன்னால் வெட்டினார்கள். முருகேசனின் தலையை எடுத்துப்போய்க் கிணற்றில் போட்டார்கள். தண்டிக்கப்பட்டவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது.

ஒரே வருசம், ஒரே தமிழ்நாடு. டிவியில் ஒரு அருவாள், மேலவளவில் ஒரு அருவாள். டிவி அருவாளுக்கு ஒரு மனநோய்க் காரணம் கிடைத்தது, கூடவே நம் அனுதாபமும் கிடைத்தது. இரட்டை ஆளுமை என்று ஒரு தனிமனிதனின் மூளைக்குள் போய்த் தேடினார்கள். இரட்டை ஆளுமை உண்மையில் யாருக்கு? ஊராகவும் சேரியாகவும் பிளந்து கிடந்துகொண்டு, பகலில் கோயிலிலும் ராத்திரியில் கிணற்றடியிலும் வேறு வேறு முகம் காட்டுவது ஊர்தான். அந்த நோய்க்கு ரீனா மருத்துவம் பார்க்கவில்லை.

5

நாட்டார் தெய்வத்தை வைத்துத் துப்பறிய வேண்டும் என்றால் நம்மிடம் வழி இருக்கிறது. நா. வானமாமலை மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக 1970களில் பதிப்பித்துக் கொடுத்த கதைப்பாடல்களை எடுத்துப் பாருங்கள். காத்தவராயன் ஏன் கழுமரம் ஏறினான்? ஆரியமாலா என்ற பார்ப்பனப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனதற்காக. மதுரை வீரனுக்கு ஏன் மாறுகால் மாறுகை வாங்கினார்கள்? சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் பொம்மியைக் கட்டினான், பிறகு அரண்மனைப் பெண்ணோடு சேர்ந்தான். இந்தக் கதைகளில் அவர்களைப் பிறப்பால் உயர்ந்தவர்களாக்கி ஒரு பூச்சுப் பூசியிருக்கிறார்கள். சேரியில் வளர்ந்தவன்தான், ஆனால் பிறந்தது வேறு இடத்தில் என்று. 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் மதுரை வீரன் அரச குலத்துப் பிள்ளைதான். பூச்சைச் சுரண்டினால் உள்ளே இருப்பது சாதி மீறியதற்காகக் கொல்லப்பட்ட ஒரு மனிதன்.

இப்படிச் செத்தவர்கள்தான் நம் ஊர்களில் பீடமாக நிற்கிறார்கள். கொன்றவன் பயந்து கும்பிட்டான். பெற்றவள் அழுதுகொண்டே கும்பிட்டாள். அந்தப் பீடம் ஒவ்வொன்றும் முடிக்கப்படாத ஒரு கொலை வழக்கு. தொடரோ இதைத் தலைகீழாக்கிவிட்டது. கொல்லப்பட்டவனின் சாமியைக் கொல்லுகிற சாமியாக்கியது. அருவாளை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் கதையின் அரசியலே இருக்கிறது.

6

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில், திருச்சிக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், வேங்கைவயல் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. பத்திரிகைகள் எழுதின: ‘மர்ம நபர்கள்’. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சேரிக்கு எதிராக எது நடந்தாலும் செய்தது மர்ம நபர்தான். அம்பேத்கர் சிலையை உடைப்பது மர்ம நபர், குடிசைக்குத் தீ வைப்பது மர்ம நபர்.

அடுத்த நாள் அங்கே போன கலெக்டர், தலித் மக்களை இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அப்போது ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தது. வந்த சாமி சாதியைச் சொல்லித் திட்டியது. அவரைக் கைது செய்தார்கள். சாமிக்குச் சாதி தெரியும் என்பதை அரசாங்கமே நேரில் பார்த்த நாள் அது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. இரண்டு வருசத்துக்கு மேலாகத் துப்புத் துலக்கி, தண்ணீர் குடித்தவர்கள் வாசலிலேயே வந்து நின்றது விசாரணை. இந்த மர்மத் தொடருக்கு யார் கதை எழுதுகிறார்கள்?

7

போன வருசம் என் மகளோடு சத்திரத்தில் லால்குடி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். 2021இல் புதிதாகக் கட்டித் திறந்த நிலையம். டீக்கடை இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூட்டுகிறவர்கள் மட்டும் மாறவில்லை. வேறு ஆட்கள்தான், ஆனால் அதே தெருக்களிலிருந்து வருகிறவர்கள். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். செல்போனில் ‘விடாது கருப்பு’ பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்லியிருந்தேன் பார்க்கச் சொல்லி.

சின்ன வயதில் அவள் ‘ஸ்கூபி டூ’ கார்ட்டூன் பைத்தியம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய தொடர் அது. நாலு பிள்ளைகளும் ஒரு நாயும் பேயைத் தேடிப் போவார்கள். கடைசியில் பேயைப் பிடித்து முகமூடியைக் கழற்றுவார்கள். உள்ளே நிலத்துக்கு ஆசைப்பட்டவனோ, புதையலுக்கு ஆசைப்பட்டவனோ இருப்பான். ஆளை விரட்டத்தான் பேய் வேசம். சிரிப்புக் கார்ட்டூன்தான், ஆனால் பேய்க்குப் பின்னால் சொத்து இருக்கிறது என்று ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அங்கேயும் ஒரு குறை உண்டு. முகமூடி கழன்றதும் போலீஸ் வந்து பிடித்துப்போகும். நம் ஊரில் அந்தக் காட்சி வருவதில்லை.

மகள் தலை நிமிர்ந்து கேட்டாள். “அப்பா, இதுல முகமூடியக் கழட்டுனா நோயாளிதான வர்றான். நிலத்துக்காரன் எங்க?”

நான் அவளுக்குச் சித்தப்பா கதையைச் சொன்னேன். இந்தத் தடவை மரக்காலிலிருந்து தொடங்கினேன். அப்பாயி சொன்னதைச் சொன்னேன். பஸ் வந்தது, ஏறினோம், காவிரிப் பாலம் தாண்டும்வரை அவள் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அந்தக் கிணறு இப்ப இருக்கா?” தூர்த்துவிட்டார்கள் என்றேன். “அந்த நிலம் யாரு பேர்ல இருக்கு?”

முப்பது வருசத்தில் நான் கேட்காத கேள்வி. இன்னும் பட்டா எடுத்துப் பார்க்கவில்லை. பார்ப்பேன்.

ஒரு நல்ல மர்மத் தொடர் நமக்கு இன்னும் வரவில்லை. அதில் துப்பறிகிறவள் பட்டணத்திலிருந்து வர வேண்டியதில்லை. சேரித் தெருவிலேயே இருக்கிறாள். அவளுக்குக் காது கேட்கும், வண்டிச் சத்தம் தெரியும், மரக்கால் அளவு தெரியும். டிவிக்காரர்கள் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் கிணற்றில் கிடந்தவர், புளியமரத்தில் தொங்கியவர், ஆற்றில் ‘சாமி இழுத்துக்கொண்டவர்’ எல்லாரைப் பற்றியும் வீட்டுக் கிழவிகளிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பேய்க்கதை சொல்லத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் சொல்லிக்கொண்டிருப்பது சாட்சி.

உங்க ஊர்ல கருப்பு எந்த வண்டியில வந்தாருன்னு எழுதி அனுப்புங்க.