ஒரே தட்டில் நிறுக்க முடியாத பள்ளிகள்

மே மாதம் ரிசல்ட் வந்ததும் பள்ளி வாசல்களில் ஃப்ளெக்ஸ் பேனர்கள் முளைத்துவிடும்: நூறு சதவீதத் தேர்ச்சி, கீழே பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்கள். அதைப் பார்த்துத்தான் சிஸ்டர் ஸ்கூலா, மெட்ரிக்கா, கவர்மென்ட் ஸ்கூலா என்று பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு “டி.சி. வாங்கிக்கோங்க” என்று சொல்ல முடிகிற பள்ளியையும், அந்த டி.சி.யோடு வருகிறவனைச் சேர்த்தே ஆகவேண்டிய அரசுப் பள்ளியையும் தேர்ச்சி விகிதத்தால் ஒப்பிடுவது அநியாயம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது.

சிஸ்டர் ஸ்கூல் எனப்படும் கத்தோலிக்கப் பள்ளிகளை அப்படியே இந்தத் தனியார் பள்ளிகளின் வரிசையில் நிறுத்த முடியாது. அவற்றில் பல, அரசு உதவி பெறுபவை. ஆசிரியருக்குச் சம்பளம் அரசுப் பணம். பிள்ளைகளுக்குச் சத்துணவு உண்டு. திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல தலைமுறையாக இவற்றில் படித்து மேலே வந்திருக்கிறார்கள். கன்னியர் நடத்தும் விடுதி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் எத்தனையோ கிராமத்துக் குடும்பங்கள் பெண்பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பின.

இவற்றின் பலம் பணமும் அல்ல, மதமும் அல்ல. பொறுப்பாளர் பள்ளியிலேயே இருப்பது. பிரேயர் மணி அடிக்கும் முன்பே சிஸ்டர் வாசலில் நிற்பார். மூன்று நாள் வராத பிள்ளை யாருடையது, அந்த வீட்டில் என்ன சிக்கல் என்பது அவருக்குத் தெரியும். அரசுப் பள்ளியிலும் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கவுன்சலிங்கில் மாறுதல் வந்தால் அந்த உறவு அறுந்துவிடுகிறது. தலைமையாசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் யாரைப் போய்க் கேட்பது?

கத்தோலிக்கப் பள்ளிகளின் குறைகளும் சின்னவை அல்ல. அரசுப் பள்ளி ஆசிரியரைத் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. இங்கே மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கப்போகிறவரை நிர்வாகமே நியமிக்கிறது. யாருக்கு எப்படி வேலை கிடைத்தது என்பது வெளியே தெரிவதில்லை. தங்கள் திருச்சபை நிறுவனங்களிலேயே உரிய பங்கு கேட்டுத் தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஒரே வளாகத்தில் தமிழ்வழிக்கு உதவி பெறும் வகுப்பு, ஆங்கிலவழிக்குக் கட்டணம் வாங்கும் சுயநிதி வகுப்பு என்று பிரிக்கும்போது, எந்தப் பக்கம் ஏழை என்பது ஐந்து வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைக் குழந்தைகளுக்கு 25 சதவீத இடங்களைத் தரும் கடமையும், 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இல்லை. ஏழைகளுக்காகவே வந்ததாகச் சொல்லும் சபைகள் இந்த விலக்கைத் தாமாக முன்வந்து துறக்கலாம்.

அரசும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளியின் பெயர்ப்பலகையை வைத்தே அளந்திருக்கிறது. 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, கிராமங்களில் உள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024இலும் நகரங்களில் உள்ளவற்றுக்கு 2025இலும்தான் வந்து சேர்ந்தது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே. அதே தெரு, அதே கூலி வேலைக் குடும்பம். அக்காள் அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி உண்டு, தங்கை சிஸ்டர் ஸ்கூலில் தமிழ்வழியில் படித்தால் இல்லை. இந்த ஒதுக்கீட்டை உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவர்களுக்கும் அரசு நீட்டிக்க வேண்டும். நிர்வாகங்கள் தங்கள் ஆசிரியர் நியமனத்தை ஊரறியச் செய்ய வேண்டும்.